கொட்டச் சொன்ன தண்ணீர்

டபுள் பீன்ஸ் என்று இப்போது காய்கறிக் கடையில் உரித்தே கொடுக்கிறார்கள், நீங்களும் வாங்கியிருப்பீர்கள். பல் ஆடுகிற நம் வயதுக்கு அது தோதான சாப்பாடு, வெண்ணெயாய் வெந்துவிடும். என் மருமகள் அதைக் குக்கரில் போட்டு விசில் விட்டு, வெந்த தண்ணீரோடு அப்படியே குழம்பில் சாய்ப்பாள். நான் ஒன்றும் சொல்வதில்லை. கடையில் விற்கிற வெள்ளைக் கொட்டையால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது. ஆனாலும் அந்தத் தண்ணீர் குழம்பில் விழுகிற சமயம் நான் அடுப்படியில் நிற்கமாட்டேன், வெளியே வந்துவிடுவேன். ஏன் என்று அவள் கேட்டதில்லை, கேட்டாலும் அவளுக்குப் புரியாது. ஓரகத்தியோடு ஒரே அடுப்பில் சோறு ஆக்கியவர்கள் நீங்கள். உங்களுக்குப் பாதி சொன்னால் மீதி புரியும்.

உத்திரமேரூரிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஏரிக்கரையை ஒட்டி எங்கள் ஊர். எழுபதுகளின் கடைசி. நான் நாலாவதோ ஐந்தாவதோ படித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் நைனா, அதாவது அப்பா, எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். அப்புறம் அம்மா, நான், நைனாவின் தம்பியான சித்தப்பா. நைனாவைப் பெற்றவர்கள் நான் பிறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டதால் வீட்டுச் சாவிக்கொத்து அம்மாவின் இடுப்பில் இருந்தது. அந்த வைகாசியில் சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆகி, ஜவ்வாது மலை அடிவாரத்திலிருந்து சித்தி வந்தாள். மாமியார் இல்லாத வீடு என்று நம்பிப் பெண் கொடுத்தார்கள். அம்மாவைப் பார்த்த பிறகு அந்த நம்பிக்கை அவர்களுக்கு எத்தனை நாள் இருந்ததோ தெரியாது.

சித்தியின் டிரங்குப் பெட்டியில் புடவைக்கு அடியில் ஒரு துணி முடிச்சு இருந்தது. அவிழ்த்துக் காட்டினாள். கட்டைவிரல் நகம் அகலத்தில் தட்டைத் தட்டையான கொட்டைகள். கருஞ்சிவப்பில் வெள்ளை வரி ஓடியிருந்தது. இன்றைய டபுள் பீன்ஸுக்கு அது அக்காள் முறை என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கோபக்கார அக்காள். தொட்டால் பளிங்கு மாதிரி வழுக்கும். நான் பல்லாங்குழி ஆட எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

"இன்னாடி இது, ஓணான் முட்டையாட்டம்?" என்றாள் அம்மா.

"மலையவரக்கா. எங்க ஊர்ல வேலி பூரா இதான் படர்ந்துகினு கீது. பொங்கலுக்குப் பாருங்க, குண்டான் குண்டானா காய்க்கும்."

"காய்க்கட்டும், பாக்கலாம்" என்று துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு மூலையைக் காட்டினாள் அம்மா. நல்ல இடத்தில் புடலையும் பீர்க்கும் ஏற்கெனவே இருந்தன.

ஆடியில் மழை ஒரு பாட்டம் பெய்து விட்டதும் சித்தி குழி எடுத்தாள். எருவும் மக்கிய குப்பையும் போட்டு, ஒவ்வொரு கொட்டையையும் கண் கீழே பார்க்கும்படி பிடித்து அழுத்தினாள். கண் மேலே பார்த்தால் முளை குழம்பிப் போய் உள்ளேயே சுருண்டுகொள்ளுமாம். எனக்கும் ரெண்டு கொடுத்தாள். நான் வைத்தவை முளைக்கவில்லை, எறும்பு தின்றது என்று சொல்லிக்கொண்டேன். சவுக்குக் கம்பு நட்டு, குறுக்கே பனைமட்டை போட்டுப் பந்தல் கட்டியதும் சித்திதான். சித்தப்பா ஒத்தாசைக்கு வந்து, கம்பைப் பிடிக்கச் சொன்னால் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா இருமினாள். அவர் கம்பைப் பிடித்தார்.

கொடி போன வேகத்தைச் சொல்லி மாளாது. ஐப்பசிக்குள் பந்தல் போதாமல் மாட்டுக்கொட்டகைக் கூரைமேல் ஏறிவிட்டது. சின்னச் சின்ன வெளுத்த பூ. கிட்டே போனால் ஈ மொய்க்கிற சத்தம் கேட்கும். தளிரில் கறுப்பாய் அசுவினிப் பூச்சி அடைந்தபோது சித்தி விடியற்காலையில் பனி காய்வதற்குள் அடுப்புச் சாம்பலை முறத்தில் அள்ளிவந்து தூவினாள். தலை, புருவம் எல்லாம் சாம்பலோடு அவள் திரும்பி வருவதைப் பார்த்தால் ஏதோ சாமியாடி வருகிறதுபோல இருக்கும். நான் சிரிப்பேன், அவளும் சிரிப்பாள். பந்தலுக்கு அடியில் வெயிலே தெரியாது. துவைக்கிற கல்லின் சவக்கார வாசனையும் ஈரமண் வாசனையும் கலந்து அங்கே ஒரு குளிர்ச்சி. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நான் அங்கேதான் குந்தியிருப்பேன்.

பிஞ்சு விட்டதும் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. அவரைக்காய்தானே என்று ஒரு முறம் பறித்துப் பொரியல் செய்துவிட்டாள். சித்தி, "க்கா, இத்த தோலோட துன்ன முடியாது, கொட்ட முத்தணும்" என்று வாயெடுத்தாள். அம்மா அவரைக்காய் நறுக்கத் தனக்குத் தெரியாதா என்கிற மாதிரி பார்த்தாள். அன்றைக்குச் சோற்றில் கை வைத்த சித்தப்பா வெகுநேரம் மென்றார்.

"அண்ணி, கோரப்பாய அறுத்துப் போட்டுட்டீங்களா?"

நைனாகூடச் சிரித்துவிட்டார். அம்மாவும்தான் சிரித்தாள். ஆனால் சித்தி சிரித்ததை மட்டும் அவள் கவனித்து வைத்துக்கொண்டாள் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

அம்மாவைக் கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். கெட்டிக்காரி, கைச்சிக்கனம். ஏரி வறண்ட வருஷங்களில் அந்த வீட்டை ஓட்டியவள். அரிசி களைந்த தண்ணீர் மாட்டுக்கு, வடித்த கஞ்சி விடியலில் எங்களுக்கு, புளி சக்கை குண்டான் தேய்க்க. மொச்சையோ காராமணியோ வேகவைத்தால் அந்தத் தண்ணீரை அவள் கொட்டி நான் பார்த்ததில்லை. அதில் புளி கரைத்து, மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு ரசம் வைப்பாள். எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் வழக்கம்தான், ஆனால் அம்மாவின் மொச்சைத் தண்ணி ரசத்துக்குப் பேர் உண்டு. சித்தப்பா அதைச் சோற்றில் ஊற்றிக்கொள்வதோடு விடமாட்டார், டம்ளர் டம்ளராய்க் குடிப்பார். "தண்ணியிலதான் சத்தெல்லாம் கீது, சக்கையத் துன்னுட்டு சத்தக் கொட்டறவ வூடு உருப்புடுமா?" என்பாள் அம்மா.

மார்கழியில் காய் காய்ந்து, ஆட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் கேட்டது. உரித்து உரித்து என் நகக்கண் வலித்தது. ஒரு முறம் நிறையக் கொட்டை. சமைக்கிற அன்றைக்குப் பார்த்து சித்தி வீட்டுக்குத் தூரம். அந்த நாட்களில் அடுப்படி வாசற்படி மிதிக்கக் கூடாது, மாட்டுக்கொட்டகைச் சாய்ப்பில்தான் இருக்க வேண்டும், தட்டு டம்ளர் எல்லாம் தனி. அங்கே உட்கார்ந்தபடியே அவள் குரல் கொடுத்தாள்.

"க்கா, மூடி போடாதீங்க, தொறந்தே வேகட்டும். மொதத் தண்ணியக் கொட்டிடுங்க. வேற தண்ணி ஊத்தி அதையும் கொட்டிடுங்க. மாடு குடிக்காத எடமாப் பாத்து ஊத்துங்க."

"சரி சரி, நான் பாத்துக்கறேன். சோறாக்கறதுக்கு எனக்குப் பாடம் நடத்தறியா?"

மத்தியானம் கத்தரிக்காயோடு அந்தக் கொட்டையைப் போட்டுக் குழம்பு. மார்கழி என்பதால் கருவாடு போடவில்லை, அது சித்தப்பாவுக்குக் குறை. ஆனால் அந்த ருசி! வேகவைத்த வேர்க்கடலையின் வாசனை, வாயில் போட்டால் மாவாய்க் கரையும். அப்புறம் ரசம். நைனா ஒரு வாய் வைத்துவிட்டு, "வெந்தயம் கூடிப்போச்சா? லேசா கசக்குது" என்றார். "கசந்தா வயித்துக்கு நல்லதுதான்" என்றார் சித்தப்பா, ரெண்டாவது டம்ளரை நீட்டிக்கொண்டே. அவர் குடித்த குடியில் குண்டான் காலி. கடைசியில் சாப்பிடுகிற அம்மாவுக்கும், சாய்ப்பில் இருந்த சித்திக்கும் ரசம் மிஞ்சவில்லை. அவர்கள் குழம்பும் மோருமாகச் சாப்பிட்டார்கள்.

நீங்கள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். எங்கள் வீட்டில் கண்டுபிடிக்கப் பொங்கல் வரை ஆயிற்று.

பொழுது சாய்வதற்குள் முதலில் எனக்குத் தலை சுற்றியது. அப்புறம் வாந்தி. நைனா கழனியிலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். சித்தப்பாதான் மோசம். மூச்சு வாங்கியது, எழுந்தால் விழுந்தார், எடுத்த வாந்தியில் கண் செருகிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டச் சொல்லி ஆள் ஓடியது. அதற்குள் எதிர்வீட்டு அத்தை வந்துவிட்டாள். அவள் சொந்த அத்தை இல்லை, ஆனால் சொந்தத்தைவிட அதிகமாக எங்கள் வீட்டுக்குள் இருப்பாள். படுத்திருந்த எங்களை ஒவ்வொருவராய்ப் பார்த்தாள், பிறகு சாய்ப்புப் பக்கம் பார்த்தாள்.

"அவ மட்டும் கல்லுக் கணக்கா குந்திகினு கீறா பாரு. மருந்து வெச்சிட்டாம்மா. புருஷன மடக்கித் தனிக்குடித்தனம் போவ மருந்து வெச்சிருக்கா, அளவு தெரியாம எல்லாருக்கும் போயிடுச்சி."

மருந்து வைப்பது என்றால் உங்களுக்குத் தெரியும். சோற்றில் எதையாவது கலந்து கொடுத்து ஆளை வசியம் பண்ணுவது. அடுப்படிப் பக்கமே வராதவள் எப்படிக் கலப்பாள் என்று நைனா முனகினார். அத்தை அதற்கும் பதில் வைத்திருந்தாள்: "வெதையிலயே வெச்சித்தான கொண்டாந்தா!"

வாந்தி எடுக்காதவர்கள் ரெண்டு பேர். அம்மாவும்தான் எடுக்கவில்லை. ஆனால் எல்லோரும் ஒருத்தியைத்தான் பார்த்தார்கள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று சும்மாவா சொன்னார்கள்.

நான் பாயில் கண்ணை மூடிக் கிடந்தேன். சித்தி சாய்ப்பிலிருந்து எழுந்து ஜன்னலுக்கு வெளியே வந்து நின்று மெதுவாகக் கேட்டது என் காதில் விழுந்தது.

"க்கா, அந்தத் தண்ணிய இன்னா பண்ணீங்க?"

"கொட்டிட்டேன்."

"ரெண்டு தண்ணியும்?"

"கொட்டிட்டேன்னு சொல்றேன்ல?"

"அப்போ எனக்குத்தான் ஒண்ணும் புரியல" என்று சொல்லிவிட்டுச் சித்தி சாய்ப்புக்குத் திரும்பினாள். அதுதான் எனக்கு இன்றைக்கும் தாளவில்லை. அக்கா பொய் சொல்வாள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. தன் விதையின் மேலேயே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

விடிந்ததும் எல்லோரும் எழுந்து உட்கார்ந்துவிட்டோம், சித்தப்பா உள்பட. வண்டியும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. ஆனாலும் அத்தை விடவில்லை. திருமுக்கூடல் பக்கம் மருந்து எடுக்கிற ஒருவர் இருக்கிறார் என்று சித்தப்பாவை அனுப்பிவைத்தாள். அவர் ஒரு பச்சிலைச் சாற்றைக் குடிக்கக் கொடுத்து, வயிற்றைத் தடவி, வாயில் குழல் வைத்து உறிஞ்சி, கறுப்பாய் முடி சுற்றிய ஓர் உருண்டையைத் துப்பிக் காட்டினாராம். சித்தப்பா திரும்பி வரும்போது தெம்பாக இருந்தார். காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான், போகும்போதே அவர் தெம்பாகத்தான் போனார். ஆனால் அந்த உருண்டையைத் தன் கண்ணால் பார்த்துவிட்டாரே. அன்றையிலிருந்து சித்தி மொண்டு கொடுத்த தண்ணீரை அவர் வாங்கவில்லை. பந்தல் கட்டும்போது கையை விடாத மனுஷன்.

நைனா அரிவாளை எடுத்துக் கொடியை அடியோடு வெட்டினார். கூரையிலிருந்து இழுத்தபோது ஓலையும் சேர்ந்து வந்தது. எல்லாவற்றையும் எருக்குழிக்குப் பக்கத்தில் குவித்தார், போகியன்று கொளுத்திவிடலாம் என்று. சித்தி வீட்டுக்குத் தூரம் முடிந்து தலைக்குக் குளித்த பிறகும் அடுப்படிக்குள் விடவில்லை. மாடு, சாணி, துணி, அவ்வளவுதான் அவள் வேலை. நைனா நல்லவர், ஆனால் முடிவெடுத்துவிட்டால் மாற்றமாட்டார். "தலப்பொங்கலுக்கு அவ அப்பா சீர் கொண்டுகினு வருவாரு இல்ல, அப்பிடியே கூட்டிக்கினு போவட்டும். அப்பால பாத்துக்கலாம்" என்றார். அப்பால என்பது வராது என்று எல்லோருக்கும் தெரியும். எங்கள் தெருவிலேயே அப்படிப் போய்த் திரும்பாத பெண் ஒருத்தி உண்டு. அவளுடைய புருஷன் வேறு கட்டிக்கொண்டான்.

சித்தி அழவில்லை. சாணி தட்டிக்கொண்டிருக்கும்போது நான் பக்கத்தில் போனால், "கிட்ட வராத கண்ணு, அப்பறம் உனக்கு எதனா ஆச்சின்னா எம்மேல வரும்" என்பாள். நான் அழுவேன்.

அம்மா அந்த நாட்களில் யாரோடும் சரியாகப் பேசவில்லை. எதிர்வீட்டு அத்தை வந்தால் உலையைப் பார்க்கிற சாக்கில் உள்ளே போய்விடுவாள். உப்புப் போட மறந்தாள். ஒருநாள் காராமணி வேகவைத்தவள், தண்ணீர் இருந்த குண்டானைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றுவிட்டு, ரசமும் வைக்காமல் கொட்டவும் மனசு வராமல் மூடிவைத்துவிட்டாள். பிறந்ததிலிருந்து குடித்த தண்ணீர், அது எப்படிக் கெடுக்கும்? அதை அவளால் நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. இதெல்லாம் இப்போது சொல்கிறேன். அப்போது அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்தேன்.

போகிக்கு முந்தின நாள் காலையில் அம்மா எருக்குழிப் பக்கம் குந்தி, வெட்டிப் போட்ட கொடியிலிருந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் மூன்று கல் கூட்டி அடுப்பு மூட்டினாள். அந்தப் பழைய குண்டான், அதன் மேல் மூடி. வெந்நீர் போடுகிறாள் என்று நினைத்து நான் ஏரிப்பக்கம் விளையாடப் போய்விட்டேன்.

உச்சி வேளைக்கு சித்தியின் அப்பா வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கி, தோளில் கரும்புக் கட்டு, கையில் மஞ்சள் கொத்து, புதுப் பித்தளைப் பானையைத் துண்டில் கட்டி முதுகில் போட்டுக்கொண்டு நடந்தே வந்திருந்தார். வேர்த்துக் கொட்டியது, முகமெல்லாம் சிரிப்பு. "சம்பந்தி, பஸ்ஸுல கரும்ப ஏத்த மாட்டேன்னு ஒரே பேஜாரு" என்றபடி வாசலில் எல்லாவற்றையும் இறக்கினார். யாரும் பானையைக் கையில் வாங்கவில்லை. அவர் சிரிப்பு மெல்ல மெல்ல நின்றது.

நைனா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மாமா, தப்பா நெனைக்காதீங்க. பொண்ண ஒங்களோட கூட்டிக்கினு போயிடுங்க. இங்க ஒத்து வரல."

"இன்னா தப்பு பண்ணா சம்பந்தி?"

சித்தி டிரங்குப் பெட்டியை ஏற்கெனவே கட்டி வாசற்படி ஓரத்தில் வைத்திருந்தாள். எதிர்வீட்டு அத்தை தன் வாசலிலிருந்து எங்கள் வாசலுக்கு வந்துவிட்டாள். சித்தப்பா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் உள்ளேயிருந்து அம்மா வந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். முகம் வெளுத்து, உதடு காய்ந்து. வாசலைத் தாண்டுவதற்குள் முட்டி மடங்கி உட்கார்ந்து, குடலே வெளியே வருகிறதுபோல வாந்தி எடுத்தாள்.

"ஐயோ! போறதுக்கு முன்னாடி மூத்தவளுக்கும் வெச்சிட்டாளே, பாவி!" என்று அத்தை மார்பில் அடித்துக்கொண்டாள். நைனா சித்தியைப் பார்த்துக் கையை ஓங்கிவிட்டார். அதுவரை நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

"அவள தொடாத!" என்றாள் அம்மா. மூச்சு வாங்கியது, ஆனால் தெருவுக்கே கேட்டது. "யாரும் வெக்கல. நானே வெச்சி நானே குடிச்சேன். அந்தக் கொட்டத் தண்ணி. அன்னிக்கி ரசமும் அந்தத் தண்ணியிலதான் வெச்சேன். கொட்டச் சொன்னா, மூடாதன்னு சொன்னா, நான்தான் கேக்கல. அப்பறம் கேட்டதுக்குக் கொட்டிட்டேன்னு பொய் சொன்னேன். தண்ணி கெடுக்கும்னு நான் நம்பல. அதான் ஒரு டம்ளரு குடிச்சிப் பாத்துட்டேன்."

மறுபடியும் வாந்தி. நைனாவின் கை அப்படியே நின்றது. அத்தைக்கு வாய் அடைத்துப்போனதை வாழ்நாளில் அன்றைக்கு ஒரு தடவைதான் பார்த்தேன்.

முதலில் ஓடினவள் சித்திதான். நெற்றியை ஒரு கையால் தாங்கி, முதுகை நீவிவிட்டு, அப்பா கொண்டுவந்த புதுப் பானையிலேயே தண்ணீர் மொண்டுவரச் சொல்லி என்னை விரட்டினாள். குடிக்க வைத்து, மறுபடி வாந்தி எடுக்க வைத்து, மறுபடி குடிக்க வைத்தாள். எல்லாம் ஓய்ந்து அம்மா அவள் மடியில் தலை வைத்துச் சாய்ந்ததும், இத்தனை நாள் வராத அழுகை சித்திக்கு அப்போது வந்தது. அழுதுகொண்டே கத்தினாள். அம்மாவை அந்த வீட்டில் யாரும் அப்படிக் கத்தியதில்லை, நைனாகூட.

"புத்தி கீதா ஒனக்கு? ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் சொல்ல மாட்டனா? ரெண்டு டம்ளரு குடிச்சிருந்தா இன்னா ஆயிருக்கும்? பொட்டப் புள்ளய வெச்சிக்கினு செய்யற வேலையா இது? நான் போனா போறேன், நீ செத்தா யாரு க்கா இந்த வூட்டப் பாக்கறது?"

அம்மா கண்ணைத் திறக்கவில்லை. சித்தியின் முந்தானையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"திட்டு" என்றாள். "திட்டிக்கினே இங்கயே இருடி."